நான் பார்க்காத சிவப்பு

நவம்பர் கடைசியில் ஊலுவில்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கடைக்காரர் ஓஸ்மோ ஒன்பது விளக்குகளை
மீன் பரப்புவதுபோல் மேசையில் பரப்பினார்.
முப்பது லூமன், எண்பது, நூற்றைம்பது, முந்நூறு.
ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார்.
சுவரில் தொங்கிய டயர்கள் சிவந்து சிவந்து மறைந்தன.

"எவ்வளவு தூரத்துக்குத் தெரியணும்?"

என்ன கேள்வி.
போன மார்ச்சில் ஒரு பால் லாரி
என் இடது கையுறையை உரசிப்போன தூரம்தான்
எனக்குத் தெரியும். ஒரு விரல்கடை.
ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தான்.
"அம்மா, நீங்க இருந்ததே தெரியலை."
பொய் இல்லை. குரல் நடுங்கியது.
அன்று என் பின்னால் எரிந்தது
ஏழு வருடத்துப் பழைய விளக்கு,
குன்றிமணி அளவு.

முந்நூறு என்றேன்.
மைனஸ் இருபதில் பேட்டரி பாதி நேரம்தான் தாங்கும் என்றார்.
ரப்பர் பட்டை குளிரில் அறுந்துவிடும்,
இந்தக் கொக்கியைப் பாருங்கள் என்றார்.
மின்னி மின்னி எரிவதா, நின்று எரிவதா?
மின்னினால் கவனம் திரும்பும்.
நின்றால்தான் தூரம் புரியும்.
குழம்பிப்போய்க் கண்ணை மூடினேன்.
இமைக்குள்ளும் அது மின்னியது.
அதையே வாங்கினேன்.

வேடிக்கையான பொருள்.
காசு கொடுத்தவள் நான், பார்ப்பவர்கள் யாரோ.
குன்றிமணிக்குத் தன் முதுகு தெரியாது,
எனக்கு மட்டும் தெரியுமா?
இரவு காப்பி ஜாடிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்றினேன்.
சோதித்துப் பார்க்க ஒருமுறை அழுத்தியதற்கே
பூனை அலமாரிமேல் ஏறி இறங்க மறுத்தது.
மருத்துவமனைச் சலவைக்கூடம்வரை எட்டு கிலோமீட்டர்.
முதல் இரண்டு நெடுஞ்சாலை,
லாரிகள் அகலமாக ஒதுங்கிப் போயின.
மீதி ஆற்றோரத்துச் சைக்கிள் தடம்,
அங்கேயும் அணைக்காமல்,
பல்லக்கில் போகிறவள் மாதிரி போனேன்.

மூன்றாவது வாரம், காலை ஐந்து பத்து.
பாலத்துச் சிக்னலில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.
தாடியெல்லாம் உறைபனி.
மன்னிக்கணும் என்றார்.
(அந்நியரிடம் வாய் திறக்குமுன்
இந்த ஊரில் மூன்று வாரம் யோசிப்பது வழக்கம்தான்.)
"ரெண்டு குளிர்காலமா உங்க பின்னாலதான் வர்றேன்.
பேர் டாவெட்டி. ரொட்டிக்கடையில அடுப்பு மூட்டணும்."
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"பழைய விளக்கு ஒண்ணு இருந்ததே,
இப்பவோ அப்பவோன்னு,
அதைப் பிடிச்சுக்கிட்டுதான் வளைவெல்லாம் திரும்புவேன்.
இப்ப கண்ணுக்குள்ள நீங்கதான் இருக்கீங்க.
பாதை இல்லை."

சிக்னல் பச்சையானது.
இரண்டு பேரும் நகரவில்லை.
அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்,
காது சிவந்தது. குளிராகவும் இருக்கலாம்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து
காயத்துக்கு ஒட்டும் வெள்ளை நாடா எடுத்து வந்தேன்.
விளக்கின் குறுக்கே ஒரு சுற்று. நின்று எரியவிட்டேன்.
போதுமா? கூடிவிட்டதா?
அடுத்த லாரிக்காரனுக்குத் தெரியுமா?
என் முதுகை நான் எங்கிருந்து பார்ப்பேன்?

"நீங்க ஓட்டுங்க" என்று சைக்கிளை அவரிடம் கொடுத்தேன்.
நெட்டையான மனிதர்.
முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்க
பாலத்தின்மேல் ஏறினார்.
நடுவில் பனி அடர்ந்திருந்தது.

அங்கே போய்க்கொண்டிருந்தேன் நான்.
தினமும் இப்படித்தான் போகிறேன் போல.
இத்தனை சின்னதாக.
சாலையில் பிடிமானம் இல்லாத ஒரு சிவப்பு,
கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து.

"இன்னொரு சுற்று வேணுமா?"
அங்கிருந்து கத்தினார்.
நான் பதில் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் போகட்டும்.
எந்த இடத்தில் மறைகிறேன் என்று
பார்த்துவிட வேண்டும்.